முத்திரை யாருக்கு?

நெய் டப்பாவின் மேல் அக்மார்க் முத்திரையைக் கண்டால் நாம் நிம்மதியாக வாங்கி வருகிறோம். உள்ளே இருப்பது கலப்படமில்லாத நெய் என்பது அந்த முத்திரை தரும் வாக்கு. சந்தேகம் வந்தால் வீட்டிலேயே உருக்கி முகர்ந்து பார்த்துக் கொள்ளலாம்.

மேல்நாட்டுக் கடைகளில் விற்கும் இறால் பொட்டலங்களில் வேறு விதமான முத்திரை ஒன்று இருக்கிறது. 'பொறுப்போடு வளர்க்கப்பட்ட இறால்' என்று அது சொல்லுகிறது. இந்த வாக்கு, பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு குட்டையையும் அதன் அக்கம்பக்கத்தையும் பற்றியது. லண்டனில் அதை வாங்கும் சீமாட்டி எதை முகர்ந்து பார்ப்பாள்?

முத்திரை கொடுப்பவர்களை மோசடிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2010-ல் தோன்றிய ஏ.எஸ்.சி. என்ற ஸ்தாபனம் 2014-ல் இறாலுக்கென வெளியிட்ட விதிகளைப் படித்தால் மரியாதையே உண்டாகிறது. 1999 மே மாதத்துக்குப் பிறகு அலையாத்திக் காட்டில் குட்டை வெட்டிய பண்ணைக்கு முத்திரை கிடையாது. சுற்றியுள்ள நல்ல தண்ணீர்க் கிணறுகளில் உப்பை அளந்து காட்ட வேண்டும். ஊராரோடு கலந்து பேச வேண்டும். எல்லாம் நல்ல விதிகள்தாம். பின் எதற்குச் சண்டை என்று கேட்பீர்கள்.

என் சண்டை ஒரே ஒரு சொல்லோடு. 'விரும்பினால்' என்பதே அந்தச் சொல்.

விரும்பிய பண்ணைக்காரர் விண்ணப்பிக்கிறார். சோதனைக்கான கட்டணத்தையும் அவரே கட்டுகிறார். விரும்பாதவர் விண்ணப்பிப்பதில்லை. அவருடைய இறாலுக்கும் எங்கோ ஒரு சந்தை இருக்கத்தான் செய்கிறது. ஊர்க் கிணற்றைக் கெடுத்தவன் எந்தக் காலத்தில் தானாக வந்து பரீட்சைக்கு உட்கார்ந்தான்?

நாகைக் கடலோரத்தின் கதையைப் பாருங்கள். 1990-களில் அங்கே நெல் விளைந்த நிலங்கள் இறால் குட்டைகளாயின. குட்டையில் தேக்கிய உப்பு நீர் மண்ணுக்குள் கசிந்தது. குடிநீர் கரித்தது, பக்கத்து வயல் உவராயிற்று, நாற்று நட்டுப் பிழைத்த பெண்களுக்கு வேலை போயிற்று. அந்த ஜனங்களுக்காகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. பாரம்பரிய முறைப் பண்ணைகள் நீங்கலாக, கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த பண்ணைகளை அகற்று என்றது. விளைநிலத்தைக் குட்டையாக்காதே என்றது. கெடுத்தவனே நஷ்ட ஈடு கொடு என்றது. 'விரும்பினால்' என்ற பேச்சே அதில் இல்லை.

ஆனால் தீர்ப்பு முழுமையாக நிறைவேறவில்லை. 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, பண்ணைகள் பதிவு செய்துகொண்டு தொழில் நடத்த வழி செய்தது.

இப்படிச் சட்டம் தளர்ந்த இடத்தில்தான் முத்திரையைக் கொண்டு வந்து நிறுத்துகிறார்கள். சர்க்கார் செய்யாததைச் சந்தை செய்யும் என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். சந்தை யாருக்குப் பதில் சொல்லும்? காசு கொடுப்பவருக்குச் சொல்லும். லண்டன் சீமாட்டிக்குப் பதில் கிடைத்துவிட்டது. குட்டைக்கு அருகே குடத்தோடு நிற்கிறவள் இறால் வாங்குகிறவள் அல்லவே! அவளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது சட்டம்தான்.

முத்திரை இருக்கட்டும். ஒழுங்காகத் தொழில் செய்கிறவருக்கு நல்ல விலை கிடைக்கட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் முத்திரை கேட்ட பண்ணையோரத்தில் மட்டும் கிணற்று உப்பை அளந்தால் போதாது. ஒவ்வொரு பண்ணையைச் சுற்றியும் சர்க்கார் அளக்க வேண்டும். அதற்கான செலவைத் தொழிலிடமிருந்தே வசூலிக்க வேண்டும். அளந்த கணக்கைப் பஞ்சாயத்து வாசலில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அளவு மீறினால் அன்றே மோட்டாரை நிறுத்த வேண்டும். அடுத்த வீட்டுக் குடிதண்ணீரைக் கெடுக்காமலிருப்பதை யாருடைய பெருந்தன்மைக்கும் விட்டுவைக்க முடியாது.