தாகம் அடக்கும் பாடம்

உப்பளத்து வேலைக்குப் புதிதாக வரும் பெண்ணை உட்காரவைத்து யாரும் பாடம் நடத்துவதில்லை. சின்னம்மாவோ அத்தையோ கூட்டிவருகிறார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்து இவளும் செய்கிறாள். சும்மாட்டை எந்தக் கனத்துக்குச் சுருட்டினால் உச்சந்தலை வலிக்காது, வழுக்குகிற வரப்பில் கால்விரலை எப்படி ஊன்றினால் கூடையோடு விழாமல் போகலாம், ஈர உப்பிலிருந்து சொட்டும் நீர் கழுத்தில் இறங்காமலிருக்கப் புடவைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை எப்படிப் போட்டுக்கொள்வது எல்லாம் கொஞ்ச நாளில் உடம்புக்கு வந்துவிடும். இவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறாள். தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

மரக்காணத்து உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர். கழுவேலி ஏரியின் நீர் கழிமுகம் வழியாகக் கடலோடு கலக்கிற கரை. பாத்தி பாத்தியாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டை நிலம். மரமும் கிடையாது, மறைவும் கிடையாது. அளம் என்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, அடர்த்தி அளக்கும் போமே மானியில் 25 டிகிரி வரும்வரை வெயிலிலும் காற்றிலும் சுண்டவிட்டால்தான் உப்பு மணி கட்டும். உப்பு விளையத் தேவையான அந்த வெட்டவெளி, பெண்ணுக்கு ஒதுங்க ஓரிடம் தருவதில்லை. ஆண் சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொள்கிறான். பெண் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறாள். அடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்து, குடிப்பதையே குறைத்துவிடுகிறாள்.

நெடுங்காலமாக அளத்து வேலை செய்யும் ஓர் அக்காவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதில் பேச என்ன இருக்கிறது என்பதுபோல்தான் முதலில் பார்த்தார். பிறகு சொன்னார்: “விடியக்காத்தால ஒரு டீ, அவ்ளோதாம்மா. வேல முடிஞ்சி வூட்டுக்குப் போயிதான் தண்ணி. எங்க ஆயா சொல்லிக் குடுத்தது. நாக்கு காஞ்சா வாயில துளி புளிய அதக்கிக்க, தண்ணிய மட்டும் குடிக்காத, அப்புறம் எங்க போயி ஒதுங்குவன்னு சொல்லும்.” மகளுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “அதுகிட்டயும் அதத்தான் சொல்வேன். வேற இன்னா சொல்றது? நாலு பேரு எதிர்ல அது கூனிக்குறுகி நிக்கறத நான் பாக்கணுமா?”

அந்தப் பதிலில் துளி கொடுமை இல்லை. பேத்திமேல் ஆயாவுக்கும் மகள்மேல் தாய்க்கும் உள்ள பிரியம்தான் அதில் பேசுகிறது. ஒருவரைச் சமூகத்துக்கு ஏற்றவராக வளர்ப்பதைச் சமூகமயமாதல் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. குடும்பம், பள்ளி, தோழர்கள், ஊடகம் என்று வரிசை போட்டுக் காட்டுகிறது. அது எத்தனை அன்போடு நடக்கிறது என்பதைப் புத்தகம் சொல்வதில்லை. நம்மை வளைக்கிற கை பெரும்பாலும் நமக்குச் சோறு ஊட்டிய கையாகவே இருக்கிறது. அதனால்தான் அதை எதிர்க்கத் தோன்றுவதில்லை.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1934-இல் பாரிசில் ஓர் உரை நிகழ்த்தினார். நடப்பது, நீந்துவது, குந்தி உட்காருவது என்று நாம் இயல்பு என நம்பும் உடல் அசைவுகளெல்லாம் அந்தந்தச் சமூகம் பழக்கியவை என்பது அவர் வாதம். நியூயார்க் மருத்துவமனையில் படுத்திருந்தபோது தாதியரின் நடையை எங்கோ பார்த்ததாக அவருக்குத் தோன்றியதாம்; யோசித்தால், சினிமாவில் பார்த்த நடை. ஊர் திரும்பினால் பாரிஸ் பெண்களும் அப்படித்தான் நடந்தார்கள். சினிமா ஒரு நடையைக் கடல் தாண்டிக் கொண்டுபோக முடியுமென்றால், கூடவே வாழ்கிற ஆயா சிறுநீர்ப்பையைப் பழக்குவதில் வியப்பில்லை.

பழக்கலாம்; ஆனால் பழக்கியதற்கு உடம்பு கணக்கு வைத்திருக்கும். சென்னை ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகளும் ஒரு பகுதியினரிடம் இருந்தன. பணியிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பதையும், அதனால் சிறுநீர்த் தொல்லைகள் வருவதையும் 2016-இல் அவர்கள் தனியாகவே எழுதினார்கள். கொதிக்கிற வெயிலில் வியர்வையாக வெளியேறுவதை ஈடுகட்ட உடம்பு கேட்கும் தண்ணீரை, அந்த உடம்புக்கு உரியவளே மறுக்கிறாள். நீர்க்கடுப்பு வந்தால் சூடு என்கிறார்கள். வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். ஆயாவுக்கும் வந்தது, அம்மாவுக்கும் வந்தது என்பதால் அது நோயாகவே யாருக்கும் படுவதில்லை.

இன்னும் ஒன்று நடக்கிறது. அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இந்தத் தவிப்பு வெளியே நற்பெயராக மாறிவிடுகிறது. வேலை வாங்குகிறவர்கள் பெண்களைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வார்கள்: “பொம்பளைங்க வேலைக்கு வந்தா வேலைதான். சும்மா சும்மா எங்கயும் போக மாட்டாங்க.” போக இடமில்லாததால் போகாமலிருந்தவள் பொறுமைசாலி ஆகிறாள். அந்தப் பொறுமைக்குத் தக்கபடி வேலைநேரம் அமைகிறது. நாளைக்கு வருகிறவளும் அதே பொறுமையோடு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். குறையாக இருந்தது தகுதியாகிவிட்டபின் அதைக் குறை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆண்பிள்ளைகளுக்கும் அளம் பாடம் சொல்கிறது. பாத்தியை மிதித்து இறுக்குவதும் உப்பு வாருவதும் இடுப்பை முறிக்கும் வேலை. உடம்பு வலி என்று ஆண் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அசதிக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். அப்பா அப்படித்தான் செய்தார் என்று பையன் பார்த்துக்கொண்டே வளர்கிறான். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. விற்றவர்மீதும் காவல்துறைமீதும் எழுந்த கோபம் நியாயமானது. அலுப்புக்குச் சாராயம்தான் மருந்து என்று ஒரு கரையே தன் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருப்பதைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

பள்ளிக்கூடம் இதை மாற்றும் என்று சொல்வோம். ஆனால் அடக்கச் சொல்லித் தரும் முதல் இடமே பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்தான். “இப்பதானே போயிட்டு வந்த, உக்காரு” என்ற அதட்டலைக் கேட்காத தமிழ்க் குழந்தை உண்டா? கழிப்பறை நாறுகிறது என்று காலையில் போனதிலிருந்து சாயங்காலம் வரை புட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவரும் பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அந்த ‘வாட்டர் பெல்’ வந்தது. நல்ல காரியம். மணி அடித்தால் குடிக்கலாம் என்று பழகுகிற பெண்ணுக்குக் குடித்தபின் போக ஒரு சுத்தமான இடமும் வேண்டும். அந்த இடம் பள்ளி வாசலோடு முடிந்துவிடவும் கூடாது.

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979-இல் வந்தது. அளத்துப் பெண் நம் இலக்கியத்துக்குள் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பல அளங்களுக்குள் கழிப்பறை இன்னும் வரவில்லை.

வரவே வராது என்றும் சொல்லிவிட முடியாது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதே பாடத்தைத்தான் கற்றிருந்தார்கள். கழிப்பறை இல்லாத கடைகள். நாள் முழுக்க நின்றபடி வேலை. கேட்டால், தண்ணீர் குடிக்காமல் இரு என்ற பதில். அங்கே தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கி முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் திருத்தியது. அதுவரை, வாடிக்கையாளர் எதிரே ஊழியர் உட்கார்ந்தால் மரியாதைக்குறைவு என்று நாம் எல்லோருமே நினைத்திருந்தோம். அந்த எண்ணத்தை நமக்குள் வைத்தது யார் என்று யாரும் கேட்டதில்லை.

இதைப் படிக்கிற பலர் வீட்டில் காலையில் வந்து பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, தரை துடைத்துப் போகிற அம்மா ஒருவர் இருப்பார். நம் வீட்டுக் கழிப்பறையையும் அவர்தான் கழுவுகிறார். அதை அவர் ஒருநாளாவது பயன்படுத்தியிருக்கிறாரா? கேட்கக் கூடாது என்று அவருக்கும், சொல்ல வேண்டியதில்லை என்று நமக்கும் ஒரே சமூகம்தான் சொல்லித் தந்திருக்கிறது. மரக்காணம் எங்கோ தொலைவில் இல்லை. நம் சமையலறையிலேயே இருக்கிறது.

மரக்காணத்தில் கேட்கவும் பழகியிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் மூடிவிடும். மழை ஓய்ந்து மறுபடி பாத்தி கட்டும்வரை கூலி இல்லை. பக்கத்துக் குப்பங்களில் மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் தருகிறார்களே, மழைக்காலத்துக்கு எங்களுக்கும் தாருங்கள் என்று உப்பளத் தொழிலாளர்கள் கேட்டார்கள். குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று அரசு தரத் தொடங்கியது. தொகை போதாது என்பது வேறு விஷயம். ‘மழைக்காலம்னா பட்டினிதான்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த தலைமுறை, ‘மனு குடுக்கணும்’ என்று சொல்லிக்கொடுக்கும் தலைமுறையாக மாறியது சின்ன விஷயமில்லை.

கழிப்பறைக்கும் அப்படி மனு போட வேண்டும். வேலை கொஞ்சம் கடினம்தான். தோண்டினால் உடனே உவர்நீர் ஊறுகிற தரையில் குழிக் கழிப்பறை நிற்காது; மேடை எழுப்பிக் கட்ட வேண்டும், அல்லது தொட்டியோடு நகர்த்தக்கூடியதாக வைக்க வேண்டும். நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும். நிலம் ஒருவருடையது, குத்தகை இன்னொருவருடையது, வேலை வாங்குகிறவர் வேறொருவர். யார் கட்டுவது, யார் சுத்தம் செய்வது என்பதை மாவட்ட நிர்வாகம் இவர்களை ஒன்றாக உட்காரவைத்து முடிவு செய்ய வேண்டும். சுத்தம் செய்கிற வேலையை வழக்கம்போல் ஒரு சாதியின் தலையில் கட்டிவிடக் கூடாது.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் சொன்னபோது அவருடைய சந்தேகம் வேறாக இருந்தது. கட்டினால் மட்டும் போதுமா என்றார். “அத்தனை பேரு பாக்க எழுந்து அந்தப் பக்கம் போறதுக்கே கூசும்மா எங்களுக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே ஒரு வழியும் சொன்னார். கதவு பாத்திகளைப் பார்க்காமல் சாலைப் பக்கமாக இருக்க வேண்டுமாம். “மொதல்ல எங்கள மாதிரி வயசானதுங்க நாலு பேரு ஒண்ணா சேந்து போறோம். எங்களப் பாத்தா சின்னதுங்க தானா வரும்.”