திக்கி ஓதும் பிள்ளைக்குப் பிரம்பா?



ஓதுவது கடினமாக இருந்தும் திக்கித் திணறிக் குர்ஆனை ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அதே பிள்ளைக்கு நம் மக்தப்களில் கிடைப்பது என்ன? பிரம்படியும் பட்டப்பெயரும் சக மாணவர்களின் சிரிப்பும்தான்.

தமிழ் பேசும் நாவுக்கு ‘ஐன்’ எளிதில் வராது. ‘ஸாத்’, ‘ஸீன்’ ஆகிவிடும். பள்ளிக்கூடம், டியூஷன் முடித்து மக்ரிபுக்குப் பின் களைத்து வரும் எட்டு வயதுப் பிள்ளை முதல்முறை தடுமாறுகிறது. இரண்டாம் முறை எல்லோர் முன்னிலையிலும் கேலிக்கு ஆளாகிறது. மூன்றாம் முறை வாய் திறக்கவே மறுக்கிறது. இது சோம்பல் அன்று, அச்சம். அந்த அச்சத்தை நாமே ஊட்டிவிட்டு, ‘இக்காலப் பிள்ளைகளுக்கு மார்க்கப் பற்று இல்லை’ என்று வருந்துவதில் என்ன நியாயம்?

முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை முஸ்லிம் நூலில் காண்கிறோம். தொழுகையில் ஒருவர் தும்ம, இவர் அறியாமல் வாய்விட்டு மறுமொழி கூறிவிட்டார். சுற்றியிருந்தோர் முறைத்தனர், தொடையில் தட்டி அடக்கினர். நபியவர்களோ தொழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, தொழுகை எதற்குரியது என்பதை மட்டும் விளக்கினார்கள். தம்மைக் கடியவுமில்லை, அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை என்றும், அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்றும் அவரே சாட்சி கூறுகிறார். அதன்பின் அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கேட்டார். தம் அடிமைப் பெண்ணை அறைந்துவிட்டதைக்கூட மறைக்காமல் சொன்னார். அவமதிக்கப்பட்டிருந்தால் அந்த நாவு திறந்திருக்குமா?

‘நாங்களும் அடி வாங்கித்தானே ஓதினோம்’ என்பார்கள் சிலர். உண்மைதான். ஆனால் நம்முடன் அடி வாங்கி, ஓதலையே விட்டுப் போன தோழர்களை யார் எண்ணினோம்? பத்து வயதில் தொழாத பிள்ளையைப் பற்றிய நபிமொழியையும் காட்டுவார்கள். அது தொழுகையை விடுவது குறித்துப் பெற்றோருக்குக் கூறப்பட்டது. அதிலும் ஏழு வயதிலிருந்து மூன்றாண்டுகள் ஏவும் பொறுமை முன்வைக்கப்பட்டுள்ளது. அறிஞர்கள் விதித்த வரம்புகளும் உண்டு. எழுத்து வராத நாவுக்கு அதில் தண்டனை ஏது? கடுமை மாணவரைப் பொய்க்கும் வஞ்சகத்துக்கும் பழக்கும் என்று இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே தம் ‘முகத்திமா’வில் எச்சரித்துவிட்டார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மதரஸாக்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. மறுமையின் விசாரணையிலிருந்து நமக்கு விலக்களித்தவர் யார்?

பிரம்பு ஏந்தியவர்களில் நாமும் இருந்தோம், அல்லாஹ் மன்னிப்பானாக. இனியேனும் பிள்ளை வசனத்தை முடிக்கும்வரை குறுக்கிடாதிருப்போம். சரியாக ஓதியதை முதலில் சொல்லி, பிழையை அருகழைத்துத் திருத்துவோம். இன்றைய ஓதலை அடுத்த பிள்ளையின் ஓதலோடு ஒப்பிடாமல், அதே பிள்ளையின் நேற்றைய ஓதலோடு ஒப்பிடுவோம். பெற்றோர்களே, ‘கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், ஹஜ்ரத்’ என்று பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். பிள்ளை உங்களிடமும் எங்களிடமும் உள்ள அமானிதம்.

நம் பிள்ளைகள் குர்ஆனை அஞ்சி அன்றி அன்பு கொண்டு ஓத அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.