இடதா, வலதா?

உலகத்தில் இரண்டு ஆண்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் பார்க்க முடியாது. ஒருவர் மட்டன் கடைக்குப் போனவர். இன்னொருவர் பழைய கார் வைத்திருப்பவர். முதலாமவர் ஒன்பது மணிக்குள் பையோடு திரும்பிவிடுவார். இரண்டாமவர் மதியம் இரண்டு மணிக்கு, நகக்கண்ணெல்லாம் கிரீஸோடு, வெறுங்கையாக வந்து, "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார்" என்பார்.

அடியேன் இரண்டாவது ரகம். என்னிடம் இருப்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. "அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லையே சார்!" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அது ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரியப்பா பிள்ளை.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கேலோட்டி. 1961 முதல் அதையே நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்து, டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் விற்றார்கள். 1962-ல் வெள்ளைக்காரன் ஒரு காரியம் செய்தான். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, மேலே மிக்கேலோட்டி வரைந்த இரண்டு ஸீட் திறந்த பாடியை உட்கார வைத்து, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று பெயர் வைத்தான். 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் ஓடிப் போனது. அதே 1962-ல் வந்த லோட்டஸ் எலான், இன்றைக்கும் கார்ப் பைத்தியங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கார். அதன் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்புகூட டிரையம்ஃப் வீட்டுச் சரக்குதான். நம்ம டாக்டர் மாமா ஓட்டின வண்டிக்கு எப்பேர்ப்பட்ட சம்பந்தம் பார்த்தீர்களா!

சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. பழைய காருக்கு ஸ்பேர் தேடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஜாதகத்தைத்தான். அந்தக் காருக்குப் பங்காளி யார், சம்பந்தி யார், எஞ்சின் யார் வீட்டிலிருந்து வந்தது? எம்.ஜி. மிட்ஜெட்டுக்கு 1974-லிருந்து ஸ்பிட்ஃபயரின் 1493 சி.சி. எஞ்சினைத்தான் போட்டார்கள். இது தெரிந்தவனுக்கு இரண்டு கடை திறந்திருக்கும். தெரியாதவனுக்கு ஒன்றுகூடத் திறந்திருக்காது. உறவுக்காரர்களே இல்லாத காரை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கும் முன் மூன்று நாள் தூங்கி எழுந்து யோசியுங்கள்.

*

என் காலேஜ் தோழன் ஒருத்தன் இங்கிலாந்தில் செட்டிலானவன். மார்க்-3 ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கிறான். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் கூரையில்லாத கார். கேட்டால், "அதெல்லாம் உனக்குப் புரியாதுடா" என்பான்.

அவன் போனில் பேசினால் எனக்கு வயிறு எரியும். "டேய், கதவு ரப்பர்லேர்ந்து கார்புரேட்டர் ஊசி வரைக்கும் கேட்டலாக் போட்டு விக்கறாங்கடா. வீட்ல உக்காந்துகிட்டே ஆர்டர் பண்றேன். நாளைக்கு வாசல்ல வந்து விழுது."

அவன் சொல்வது நிஜம். கம்பெனி மூடினாலும் கார்கள் லட்சக்கணக்கில் இருந்ததால் பார்ட்ஸ் வியாபாரம் மூடவில்லை. எம்.ஜி.பி. கார் உற்பத்தி 1980-ல் நின்றது. அதன் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாக அடித்து விற்க ஆரம்பித்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் காலமான ஆசாமிக்குப் புது உடம்பு! புராணத்தில்தான் படித்திருக்கிறோம்.

ஆனால், போன வருஷம் அதே தோழன் நடு ரோட்டில், கொட்டும் மழையில், கூரையை இழுத்து மூடிக்கொண்டு எனக்கு போன் செய்தான். வண்டி நின்றுவிட்டது. காரணம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டார் என்ற கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. புதுசு. மாற்றி இரண்டே வாரம்.

பழைய கார்க்காரர்களுக்கு இது தெரிந்த வியாதிதான். மலிவாகச் செய்த ரோட்டாரில், மேலே உள்ள பித்தளைத் தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் வழியாக மின்சாரம் அடியில் உள்ள தண்டுக்குத் தாவிவிடும். பிளக்குக்குப் பொறி போகாது. வண்டி படுத்துவிடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ரிவெட்டே இல்லாமல் செய்த சிவப்பு ரோட்டாராகக் கேட்டு வாங்குகிறார்கள். கேட்டலாக் படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். விலையில்தான் வித்தியாசம்.

"சாமான் கிடைக்கறது பெரிசில்லடா. சரியான சாமான் கிடைக்கணும்" என்றான், பல் தந்தியடிக்க. அந்தக் குரலைக் கேட்டதும் என் வயிற்றெரிச்சல் பாதி அடங்கிவிட்டது. (மீதியும் அடங்கியிருக்கும். அதற்குள் லைன் கட்.)

*

நமக்கு கேட்டலாக் கிடையாது. புதுப்பேட்டை உண்டு.

தெரியாதவர்களுக்கு: சென்னை எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். கார்கள் முழுசாக உள்ளே போய், கதவு தனி, கண்ணாடி தனி, கியர்பாக்ஸ் தனி என்று பிரிந்து வெளியே வரும். டில்லிக்கு மாயாபுரி, கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் என்றால் நமக்கு இது. புது சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு.

புதுப்பேட்டையில் நுழைந்ததும் ஒரு பையன் வழியை மறிப்பான்.

"என்னா சார் வேணும்?"

"ஹெரால்டுக்கு..."

"இருக்கு சார்!"

நீங்கள் இன்னும் என்ன வேண்டும் என்றே சொல்லவில்லை. அதற்குள் இருக்கிறது! இந்த 'இருக்கு'தான் ஆபத்து. உள்ளே போய் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து, "அம்பாஸடர்து. ஆனா செட்டாவும். லேசா ராவிக்கணும்" என்பான். ராவுகிற அரத்துக்கும் சேர்த்து விலை சொல்வான்.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி. கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை. என் வண்டியில் நாலு தடவை லிஃப்ட் வாங்கிய தோஷம், அவனும் இரண்டு கதவு ஹெரால்டு ஒன்றை வாங்கிவிட்டான். மெக்கானிக் முன்பக்கம் ஜாக்கி போட்டுப் பார்த்து, "ட்ரன்னியன் போயிருக்கு. மாத்தாம எடுக்காத" என்றார்.

ட்ரன்னியன் என்பது முன் சக்கரத்தின் அடியில் இருக்கும் வெண்கலத் துண்டு. நான் சொன்ன அந்தச் செங்குத்து இரும்பின் கீழ்முனை மரைபோட்டு இதற்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. இதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். 'கிரீஸ் அடிச்சா போதும்' என்று அடித்தால், கிரீஸ் உள்ளே கெட்டியாகி, தண்ணீர் புகுந்து, இரும்பு துருவேறி, ஒரு நாள் திருப்பத்தில் பட்டென்று ஒடியும். சக்கரம் பொத்தென்று மடங்கும். ஸ்பிட்ஃபயரிலும் இதே கதை. ஹாரன் வேலை செய்யாவிட்டால் வாயால் கத்தலாம். இதற்கு மாற்று வழி கிடையாது.

தம்பி ஒரு கடையில் புது ட்ரன்னியன் வாங்கி வந்தான். தங்கம் மாதிரி பளபளவென்று இருந்தது. எங்கேயோ லேத்தில் கடைந்தது. மெக்கானிக் வாங்கிப் பார்த்தார். செங்குத்து இரும்பில் விரலாலேயே திருகினார். அது கல்யாண வீட்டு நாற்காலி மாதிரி இப்படியும் அப்படியும் ஆடியது.

"இதை மாட்டி உன் பொண்டாட்டி புள்ளைய ஏத்துவியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

தம்பி பேசவில்லை. கடைக்குத் திரும்பிப் போனான். 'விற்ற சாமான் வாபஸ் இல்லை' என்ற போர்டை மட்டும் காட்டினார்களாம்.

அடுத்த ஞாயிறு நானும் கூடப் போனேன். சந்துக்குள் ஒரு சின்னக் கடை. பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஹெரால்டு ட்ரன்னியன் வேணும்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இடதா, வலதா தம்பி?"

தம்பி முழித்தான். முன்னால் விற்ற கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை. ஹெரால்டில் இரண்டு பக்கத்து மரையும் எதிர் எதிராகச் சுற்றும். வலது பக்கத்துச் சாமான் இடது பக்கம் போகாது. பாய்க்கு அது தெரிந்திருந்தது.

"இடது, பாய்."

"என்கிட்ட இல்ல. பழசு ஒண்ணு கெடக்கு, ஆனா உனக்குக் குடுக்க மாட்டேன். மரை தேஞ்சிருக்கு. வெளிநாட்லேர்ந்து யாராச்சும் வந்தா புதுசு எடுத்தாரச் சொல்லு. அதுவரைக்கும் பஸ்ஸுல போ."

ஒரு பைசா வாங்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். தம்பி ஏழு வாரம் 21-ஜி பஸ்ஸில் ஆபீஸ் வந்தான். என் தோழன் சூட்கேஸில், மனைவியின் முறைப்புக்கு நடுவே, இரண்டு ட்ரன்னியனை வைத்துக் கொண்டுவந்தான். இடது ஒன்று, வலது ஒன்று. இன்றைக்கு எங்கள் ஆபீஸில் பழைய கார் வைத்திருக்கும் நாலு பேரும் பாய் கடையில்தான் மற்ற எல்லாம் வாங்குகிறோம். "இல்லை" என்ற ஒரு வார்த்தையில் நாலு வாடிக்கை!

*

நல்ல ஸ்பேர் கடைக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலை சொல்லும் முன்னால் உங்களைக் கேள்வி கேட்கிறாரா பாருங்கள். 'எந்த வருஷம்? சேஸிஸ் நம்பர் என்ன? பழசைக் கொண்டுவந்தியா?' ஸ்பிட்ஃபயரில் நம்பர் தகட்டின் முதல் எழுத்துகளே கதை சொல்லும். எஃப்.சி. என்றால் முதல் இரண்டு மார்க். எஃப்.டி. என்றால் மார்க்-3. ஒரே மார்க்குக்குள்ளேயே பாதியில் சாமானை மாற்றியிருப்பார்கள். இதைக் கேட்காமல் பார்சல் கட்டுகிறவர் ஜாதகம் பார்க்காமல் தாலி எடுத்துக் கொடுக்கிறவர்.

கேள்வி அவர் பக்கம் மட்டும் போதாது. நம் பக்கமும் கொஞ்சம் பாடம் வேண்டும். பேரிங் வேண்டுமென்றால் காரின் பெயரைச் சொல்லாதீர்கள். பேரிங்கின் பக்கவாட்டில் நம்பர் இருக்கும். 6204 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள். உள் விட்டம் 20 மில்லிமீட்டர். அதே பேரிங் மோட்டார் பம்ப்பிலும் இருக்கும், கிரைண்டரிலும் இருக்கும். 'ஸ்போர்ட்ஸ் காருக்கு' என்றால் ஒரு விலை, '6204' என்றால் ஒரு விலை. ஆயில் சீலும் அப்படித்தான்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். மூன்று அளவைச் சீட்டில் எழுதிப் போனால் கடைக்காரர் உங்களை 'சார்' என்பார்.

போல்ட்டும் கவனம். இங்கிலீஷ் கார் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். நம்ம 13 நம்பர் ஸ்பேனர் போட்டால் பிடிக்கிற மாதிரி பிடித்து, இறுக்கும்போது வழுக்கி, போல்ட் தலையை உருண்டையாக்கிவிடும். அப்புறம் அதைக் கழற்ற ஒரு ஞாயிறு தனியாகப் போகும்.

'அந்தக் காலத்து ஒரிஜினல், டப்பா பிரிக்காதது' என்று ஒரு வசனம் வரும். விளக்கு, கண்ணாடி, கதவுக் கைப்பிடி, இரும்புப் பல்சக்கரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ரப்பர் என்றால் கண்ணைத் திறந்துகொண்டு ஓடலாம். 1970-ல் செய்த பிரேக் வாஷர் டப்பாவுக்குள் தூங்கினாலும் அதற்கும் வயசாகிறது. டயரில் செய்த வாரமும் வருஷமும் நாலு இலக்கத்தில் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பிரேக், ஸ்டீயரிங், டயர் இந்த மூன்றிலும் செகண்ட் ஹேண்ட் பேச்சே கூடாது.

பெட்ரோல் குழாய்க்கு இப்போது ஒரு புது எமன். 2025-ல் நாடு முழுக்க இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரகக் குழாய் ரப்பரை எத்தனால் மெல்ல மெல்ல ஊறவைத்து இளக்கிவிடும். கீழே சூடான எக்ஸாஸ்ட், மேலே கசிகிற குழாய். நினைத்துப் பாருங்கள். 'ஃப்யூயல் இன்ஜெக்ஷன் ஓஸ்' என்று கேளுங்கள். குழாயின் மேலேயே 'ஜே-30 ஆர்-9' என்று அச்சடித்திருக்க வேண்டும். அச்சு இல்லாத குழாயைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பில் கேளுங்கள். பில்லில் வெறும் 'ஸ்பேர்' என்று எழுதாமல், சாமானின் நம்பரை எழுதச் சொல்லுங்கள். எழுத யோசிக்கிற கடையில் பர்ஸைத் திரும்பப் பாக்கெட்டில் வையுங்கள்.

பி.கு: பாய் கடை எங்கே என்று கேட்டு கடிதம் போட வேண்டாம். சொன்னால் அடுத்த ஞாயிறு எனக்கு நிற்க இடமிருக்காது. புதுப்பேட்டையில் சந்து சந்தாகப் போங்கள். "இடதா, வலதா?" என்று யார் கேட்கிறாரோ, அவர்தான்.