ரேகை எங்களுது, அபராதம் மட்டும் அரசாங்கத்துக்கா?

பட்டணத்து நண்பர்களே, 'டேட்டா பிரைவசி'ன்னா ஏதோ ஐ.டி. கம்பெனி விவகாரம்னுதான் நீங்க நினைச்சிருப்பீங்க. இன்னைக்கு எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கத்து கொல்லைக்காட்டுலயும் அதே விவகாரம்தான்.

2025ல ஊர் ஊரா முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் பதிஞ்சாங்க. மத்திய அரசோட அக்ரிஸ்டாக், தமிழ்ல வேளாண் அடுக்ககம். ஆதார், சிட்டா, செல்போன் எடுத்துக்கிட்டுப் போகணும். 'ஓ.டி.பி. சொல்லுங்க'ம்பாங்க, சொல்லணும். நான் பார்த்த முகாம்ல திரையில என்ன எழுதியிருக்குன்னு யாரும் படிச்சுக் காட்டலை. 'சம்மதம்'ங்கிற இடத்தை அமுக்கினது கம்ப்யூட்டர்ல உட்கார்ந்திருந்த பையன். பதியலைன்னா கிசான் பணம் நின்னுடும்னு ஒரு பேச்சு வேற. வருஷம் 6,000 ரூபாய் போயிடும்னு சொன்னா யாருதான் மறுப்பாங்க? பயத்துல ஆட்டுற தலை சம்மதம் ஆகுமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017ல உச்ச நீதிமன்றத்தோட 9 நீதிபதிகள் ஒருமனசா தீர்ப்பு சொன்னாங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. சம்மதம் சுயவிருப்பமா, விவரம் தெரிஞ்சு தரணும், கேட்டா தமிழ்லயும் அறிவிப்பு கிடைக்கணும், கொடுத்த மாதிரியே சுலபமா திரும்ப வாங்கிக்கவும் முடியணும்னு அதுலயே இருக்கு. ஆனா மானியம், சலுகைன்னு வந்தா அரசு பல நேரம் புதுசா சம்மதம் கேட்க வேண்டியதில்லைன்னு 7ஆவது பிரிவு வழி விட்டுடுது. எங்க விவரம் முக்கால்வாசி போறது அந்த வழியாத்தான்.

'ஒளிக்க என்னங்க இருக்கு உங்ககிட்ட?'ன்னு கேப்பீங்க. இருக்குங்க. எந்த ஊர்ல எத்தனை ஏக்கர் மக்காச்சோளம், அறுவடை எப்போ, இதோட யாருக்கு எவ்வளவு கடன், தவணை எந்த மாசம்னு மொத்தமும் ஒரே கையில இருந்தா, அவன் சொல்றதுதான் விலை. தவணைக்கு முந்தின வாரம் குறைச்சுக் கேட்டா நாங்க கொடுத்துத்தான் ஆகணும். கோழித்தீவனத்துக்கு வாங்குறவனும் விதை விக்கிறவனும் இதுக்குக் காசு கொடுப்பான். நாங்க ஆதார் நம்பரோட சேர்த்து எங்க பலவீனத்தையும்தான் எழுதிக் கொடுக்கிறோம். 2021 ஏப்ரல்லயே மத்திய வேளாண் அமைச்சகம் 6 மாநிலத்துல 100 கிராமத்துக்கு மைக்ரோசாஃப்டோட ஒப்பந்தம் போட்டுச்சு. விவசாய அமைப்புகளும் டிஜிட்டல் உரிமை அமைப்புகளும் எதிர்த்துக் கடிதம் எழுதினதும் அப்போதான்.

பூட்டு பத்திரமான்னா அதுவும் இல்லை. 2020ல நம்ம தமிழ்நாட்டுலயே அதிகாரிகளோட பாஸ்வேர்டை வச்சு, தகுதியே இல்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை கிசான் திட்டத்துல சேர்த்துட்டாங்க. 110 கோடி ரூபாய் போச்சு. 2022ல கிசான் இணையதளத்துலேர்ந்தே விவசாயிகளோட ஆதார் எண் கசியுதுன்னு ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளியே சொன்னார்.

எனக்கு வயிறு எரியற இடம் இனிமேதான். விவரத்தைப் பாதுகாக்கத் தவறினா 250 கோடி வரைக்கும் அபராதம்னு புதுச் சட்டம் சொல்லுது. கேக்க நல்லா இருக்கு. ஆனா 34ஆவது பிரிவுப்படி அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவனுக்கு அதுல ஒரு பைசா கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 43ஏ-ன்னு ஒரு பிரிவு. கம்பெனி அஜாக்கிரதையா இருந்து ஒருத்தருக்கு நஷ்டம் வந்தா, அவருக்கே இழப்பீடு தரணும்னு சொல்லுச்சு. புதுச் சட்டம் அதைத் தூக்கிடுது. பக்கத்து வீட்டு மாடு என் பயிரை மேஞ்சா, மாட்டைப் பட்டியில அடைச்சு அபராதம் வாங்குறது சரிதான். என் பயிருக்கு யாரு பதில் சொல்றது?

இதுல விதிகள் வந்ததே 2025 நவம்பர்லதான். கம்பெனிகளுக்கான முக்கியக் கடமைகள் அமலுக்கு வர, அங்கேர்ந்து இன்னும் 18 மாசம் அவகாசம். எங்க விவரத்தை வாங்குறதுக்கு மட்டும் அவகாசமே கொடுக்கலை. எல்லாம் உடனே வேணுமாம்.

பதிவே கூடாதுன்னு நான் சொல்லலை. பயிர்க் காப்பீடும் நிவாரணமும் சீக்கிரம் வந்தா நல்லதுதான். நான் கேக்கிறது நாலுதான். என்ன விவரம் எடுத்தீங்க, யாருக்குக் கொடுப்பீங்கன்னு தமிழ்ல ஒரு தாள் கையில கொடுங்க. அதை கிராம சபையில படிங்க. கம்பெனிக்குக் கொடுக்கணும்னா தனியா கேளுங்க, 'வேண்டாம்'னு சொன்னவனோட கிசான் பணத்துல கை வைக்காதீங்க. கசிஞ்சா, நஷ்டப்பட்டவனுக்கே இழப்பீடு கொடுங்க.

நீங்க செல்போன்ல 'அக்ரீ' அமுக்குறதும் நாங்க ரேகை வைக்கிறதும் ஒண்ணுதான். இந்தச் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்க தொகுதி எம்.பி.கிட்ட 43ஏ எங்க போச்சுன்னு ஒரு கேள்வி கேளுங்க.