வெயிலிலும் உருகாத கடல்பாசி!

ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும்போது, கஞ்சிக்கும் வடைக்கும் பக்கத்தில் வழுவழுவென்று ஓர் இனிப்பு இருக்கும். அதுதான் கடல்பாசி. கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் வெள்ளை இழைகளாகத் தருவார்கள். பெயரில்தான் கிராஸ், உண்மையில் புல் அல்ல. கடலில் வளரும் சிவப்புப் பாசிகளை வேகவைத்து, சாறெடுத்து, உறையவிட்டுக் காயவைத்தது. ராமநாதபுரம் கடலில் கிடைக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் இதற்குப் பயன்படுகின்றன. கஞ்சிப்பாசியைக் கரையோர மக்கள் கஞ்சியாகவே காய்ச்சிக் குடித்ததும் உண்டு.

மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வெயிலில் இளகிவிடும். கடல்பாசி 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறையும். மறுபடி உருக 85 டிகிரி வேண்டும்! இந்தக் குணம்தான் அதை மருத்துவத்துக்குள் கொண்டுபோனது. ஜெர்மனியில் ராபர்ட் கோச்சின் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் ஜெலட்டின், வெப்பத்தில் உருகிப் பாடாய்ப்படுத்தியது. அங்கே பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸியின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் கடல்பாசியைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். இது நடந்தது 1881-ல். இன்றும் லேப்களில் கிருமி வளர்ப்பது இதில்தான்.

வீட்டில் செய்ய, 10 கிராம் இழையை முக்கால் லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, முழுவதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். சர்க்கரை சேர்த்து, தட்டில் ஊற்றினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும். எலுமிச்சைச் சாறு சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கியபிறகு சேருங்கள். புளிப்போடு கொதித்தால் சரியாக உறையாது.

இந்தப் பாசியை எடுப்பது எளிதல்ல. பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிப் பறிக்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு, தீவுப் பக்கம் போகத் தடை வந்தது. பாசி அழிந்தால் தங்கள் பிழைப்பும் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது, இரும்பால் சுரண்டாமல் கையாலேயே எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இவர்களுக்காகக் குரல் கொடுத்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' விருது கிடைத்தது. கடலைக் காப்பதில் கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இவர்களே சாட்சி.