நாடகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் யார்?

விடிய விடியக் கூத்து நடந்த மறுநாள் காலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். "கர்ணன் வேஷக்காரர் திரையை விட்டு வெளியே வந்து நின்றாரே, அந்தத் தோரணை ஒன்றே போதும்!" என்பார் ஒருவர். "தோரணை இருந்து என்ன பயன்? கோழி கூவும் நேரத்துக்குக் குரல் கம்மிவிட்டதே!" என்பார் இன்னொருவர். "பொன்னுருவி கேட்ட கேள்விக்கு அவர் பதில் பாட்டைப் பாதி முழுங்கிவிட்டார். நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்" என்பார், மூலையில் பீடி பற்றவைக்கும் பெரியவர்.

இது என்ன? இதற்குப் பெயர்தான் நாடக விமர்சனம்!

பொன்னேரி, மீஞ்சூர் வயல்வெளியிலிருந்து காசிமேட்டுக் கரை வரையில் கர்ண மோட்சத்தைக் கேட்டு வளர்ந்த உழைப்பாளி மக்களுக்கு இந்த வித்தையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால், டீக்கிளாஸ் கழுவப்படும்போது அந்தப் பேச்சும் கழுவப்பட்டுப் போகிறது. காகிதத்தில் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தால் நமது மேடைக்குச் சரித்திரம் இல்லாமல் போகிறது. நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும். பார்த்த நாடகத்தைப் பற்றி எழுத வேண்டும். அதையே தம் பொழுதுபோக்காகக் கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

"பொழுதுபோக்கா? பாட்டாளிக்கு எங்கே ஐயா பொழுது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிகாகோ தொழிலாளர்கள் 1886இல் இரத்தம் சிந்தியது எதற்காக? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நம் சொந்த விருப்பத்துக்கு என்பதற்காக அல்லவா? 1923 மே முதல் நாளன்று தோழர் சிங்காரவேலர் இதே சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மேதினக் கூட்டங்களை நடத்தியது எதற்காக? அந்த மூன்றாவது எட்டு மணி நேரம் எவரும் போட்ட பிச்சையல்ல. போராடிப் பெற்ற சொத்து. இன்று காண்ட்ராக்ட் முறை என்ற பெயரால் பன்னிரண்டு மணி நேர ஷிப்டைத் திணித்து அந்தச் சொத்தைத் திருட நினைக்கிறார்கள். திருடனிடமிருந்து மீட்டால் மட்டும் போதாது. மீட்ட நேரத்தை என்ன செய்யப்போகிறோம் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும்.

முதல் விமர்சகர் போலீஸ்காரர்

நாடகத்தைப் பற்றி யாருமே எழுதவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் தவறாமல் எழுதினார். அவர் போலீஸ்காரர்!

வங்காளத்தில் தீனபந்து மித்ரர் 1860இல் 'நீல் தர்ப்பண்' என்ற நாடகத்தை எழுதினார். வெள்ளைத் துரைமார் விவசாயிகளை அடித்து உதைத்து அவுரி பயிரிட வைத்த கொடுமையை அது அம்பலப்படுத்தியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. மேடை சும்மா இருக்கவில்லை; மேலும் மேலும் குத்திக் காட்டியது. 1876இல் நாடகச் சட்டம் வந்தது. ஒரு நாடகம் ஆட்சிக்கு எதிரானதா, ஒழுக்கத்துக்கு விரோதமானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அதிகாரிகளிடம் போயிற்று.

வெள்ளைக்காரன் போனான். சட்டம் போயிற்றா? இல்லை! 1954இல் நமது மாநிலத்துக்கென்றே தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நடிகவேள் எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் ஆட்சியாளரின் தூக்கத்தைக் கெடுத்த காலம் அது. நாடகப் பிரதியைக் கொண்டு வா என்று கேட்கவும், வேண்டாம் என்று தடுக்கவும் அதிகாரம் தரப்பட்டது. நம் உழைப்பாளிகள் போட்ட நாடகத்தின் முதல் வாசகர், முதல் விமர்சகர், முதல் நீதிபதி எல்லாம் காக்கிச் சட்டைக்காரர் என்றாயிற்று.

இந்த அநியாயத்தை எதிர்த்து வழக்காடியவர் 'பரீக்ஷா' நாடகக் குழுவை 1978இல் தொடங்கிய ஞாநி. அவர் பத்திரிகையாளர், நாடகக்காரர், விமர்சகர். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று ரத்துச் செய்தது. 1876ஆம் ஆண்டின் பழைய சட்டம் 2018இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1876இலிருந்து 2013 வரையில் 137 ஆண்டுகள்! நாடகம் வெறும் வேடிக்கை என்றால், கூத்தாடிகளைக் கண்டு சர்க்கார் ஏன் 137 ஆண்டு நடுங்கிற்று?

சட்டம் இல்லாத இடத்தில் தடி வரும். 1989 ஜனவரி முதல் நாள், டெல்லியை அடுத்த சாகிபாபாத் தொழிற்பேட்டையில் தோழர் சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச், 'ஹல்லா போல்' என்ற வீதி நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது குண்டர்கள் பாய்ந்தார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மறுநாள் சப்தரும் உயிர் நீத்தார். ஜனவரி 4ஆம் நாள், அவருடைய துணைவியார் மாலாஸ்ரீ அதே இடத்துக்குத் தோழர்களுடன் திரும்பி வந்து, நின்றுபோன நாடகத்தை நடத்தி முடித்தார். சப்தர் பிறந்த ஏப்ரல் 12 இன்று வீதி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது. எதிரி இவ்வளவு கவனமாக நம் நாடகத்தைப் பார்க்கிறான். நாம் பார்க்கிறோமா?

கைதட்டல் மட்டும் போதுமா?

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் மேடையைப் பெரிய பத்திரிகைகள் கண்டுகொள்வதில்லை. அவற்றின் விமர்சகர்கள் சபா வாசலைத் தாண்டிப் பேசின் பாலத்துக்கு இந்தப் பக்கம் வருவது அபூர்வம். சரி. நாமே நம் மேடையை எப்படிப் பார்க்கிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஷிப்டு மாறும் நேரத்தில் வீதி நாடகம் ஒன்று பார்த்தேன். விலைவாசி உயர்வைப் பற்றிய நாடகம். கருத்து நல்ல கருத்து. கைதட்டல் பலமாக இருந்தது. ஆனால் கடல் காற்று குரலை அடித்துக்கொண்டு போயிற்று. மூன்றாவது வரிசைக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. தொழிலாளியின் மனைவியாக வந்த பாத்திரம் தொடக்கம் முதல் முடிவு வரை அழுதுகொண்டே இருந்தது. நானோ வீட்டுக்குப் போய் இதையெல்லாம் எழுதி, சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். "நம் வீட்டுப் பெண்கள் அழுதுகொண்டா இருக்கிறார்கள்? ரேஷன் கடையில் எடை குறைந்தால் சண்டை போடுவது யார்? மீன் கூடையைத் தலையில் சுமந்து கந்துவட்டிக்காரனுக்குப் பதில் சொல்வது யார்?" என்று கேட்டிருந்தேன்.

வந்தது கோபம்! "நம்முடைய நாடகத்தை நாமே குறை சொல்வதா? எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதா?" என்று தோழர்கள் சிலர் பலகையிலிருந்து தாளைக் கிழித்துவிட்டார்கள். இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் அதே நாடகம் மறுபடி நடந்தபோது, ஆட்டக்காரர்கள் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்கள். குரல் சாலை வரை எட்டியது. அழுத பெண் இம்முறை ரேஷன் கடைத் தராசைக் கையில் பிடித்துக் கேள்வி கேட்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். கிழித்த தோழர்களில் ஒருவர் பிறகு என்னிடம் வந்து, "அடுத்ததற்கும் எழுது" என்றார்.

கருத்து சரியாக இருந்தால் கலை எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்பது சோம்பேறித்தனம். தறியிலிருந்து வந்த துணியில் நூல் விட்டுப் போயிருந்தால், "சிவப்புத் துணிதானே" என்று நெசவாளி விட்டுவிடுவாரா?

தெரிந்தவரே தீர்ப்புச் சொல்லலாம்

"நாங்கள் படிக்காதவர்கள். எங்களுக்கு என்ன தெரியும்?" என்று தயங்க வேண்டாம். நடிகர் ஒருவர் துறைமுக மூட்டைக்காரராக வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதுகில் பாரம் இருக்கிறதா, வெறும் பஞ்சு இருக்கிறதா என்பதை அவர் எடுத்துவைக்கும் அடியைக் கண்டே சொல்லக்கூடியவர் யார்? பல்கலைக்கழகப் பேராசிரியரா, கொக்கி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கைக்காரரா? எண்ணூர் மக்கள் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்ப் படலம் கொசஸ்தலை ஆற்றில் மிதந்ததைக் கண்டார்கள். அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிந்து மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அதை ஒருவர் நாடகமாக்கினால், அது மெய்யா பொய்யா என்று சொல்லும் தகுதி அன்றிரவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயைவிட யாருக்கு உண்டு?

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், குத்துச்சண்டை பார்க்க வரும் ஜனங்களைப் போன்ற ரசிகர்கள் நாடகத்துக்கு வேண்டும் என்று விரும்பினார். எதற்காக? அவர்கள் வாய் பிளந்து சொக்கிப்போவதில்லை. ஒவ்வொரு குத்தையும் எடை போடுகிறார்கள். வடசென்னைக்கு இதைச் சொல்லித் தரவேண்டுமா? சார்பட்டாப் பரம்பரை, இடியாப்பப் பரம்பரை என்று கட்சி கட்டி, எந்தக் கை எப்போது இறங்கியது என்பதைத் தலைமுறை தலைமுறையாக வாதாடிய ஊர் இது! அந்தக் கண்ணை மேடைப் பக்கம் திருப்புங்கள், அவ்வளவுதான்.

என்ன எழுதுவது?

நான்கே கேள்விகள். எங்கே, எந்த நாளில், எத்தனை பேர் முன்னால் நடந்தது? கதையில் யார் யாரைச் சுரண்டுகிறார்கள், அதை நாடகம் மறைக்கிறதா, காட்டுகிறதா? நடிப்பும் பாட்டும் கடைசி வரிசை வரை எட்டினவா? பார்த்துவிட்டுப் போன ஜனங்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? எழுதத் தெரியாதவர் சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் மகளோ மகனோ எழுதட்டும். சங்கப் பலகையில் ஒட்டுங்கள். அரங்குக்கு வெளியே நின்று நடிகரிடமே படித்துக் காட்டுங்கள். குறை சொன்னால் திருத்தும் வழியையும் சொல்லுங்கள். கேலி வேண்டாம், பகலெல்லாம் வேலை செய்து இரவில் வேஷம் கட்டியவர் அவர்.

ருஷ்யாவில் 1912இல் தோன்றிய 'பிராவ்தா' ஏட்டுக்குப் பலம் கொடுத்தவை ஆலைத் தொழிலாளிகள் எழுதி அனுப்பிய கடிதங்கள். புரட்சிக்குப் பின்னர் தொழிலாளர் நிருபர், கிராம நிருபர் என்று ஒரு பெரும் படையே எழுந்தது. நம் நாட்டிலும் 1943இல் மக்கள் நாடக மன்றமான இப்டா பிறந்தது. வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான ஏழை விவசாயிகள் மாண்டதை 1944இல் 'நபான்ன' நாடகம் மேடையேற்றியது. அந்த நாடகம் இன்றும் பேசப்படுகிறதே, ஏன்? பார்த்தவர்கள் எழுதிவைத்தார்கள்!

ஆனால் வால்டாக்ஸ் ரோட்டு ஒற்றைவாடைக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து நாடகம் பார்த்த கைவண்டித் தொழிலாளி என்ன நினைத்தார்? தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 இரவு சென்னை மேடையில் முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தாரே. அதைக் கண்ணால் கண்ட உழைப்பாளி வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொன்னார்? 1996இல் மூடப்பட்ட பின்னி ஆலையின் தொழிலாளிகள் எந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், எதைப் பார்த்துக் கொதித்தார்கள்? இவர்கள் கையில் அன்று ஒரு பென்சில் இருந்திருந்தால், இன்று நமக்கு எவ்வளவு பெரிய பொக்கிஷம் கிடைத்திருக்கும்!

ஆலைத் தோழர்களே! வயல் தோழர்களே! அடுத்த ஆடிக் கூத்துக்குப் போகும்போது பாயோடும் போர்வையோடும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாயில் கூட்டத்தில் நாடகம் நடந்தால், கைதட்டிவிட்டு ஓடாமல் நான்கு வரி எழுதுங்கள். போலீஸ்காரர் இறக்கிவைத்த பேனாவைப் பாட்டாளி கையில் எடுக்கட்டும்!