டிரைவர் கோடு திறந்திருந்தா மட்டும் போதுமா?

ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பதிவு. இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, வைவான்னு ஓடிட்டே இருந்ததில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இந்தத் தடவை கொஞ்சம் டெக்னிக்கலான சமாச்சாரம். கம்ப்யூட்டர்னா கொட்டாவி விடறவங்களும் படிக்கலாம், நடுவுல எடப்பாடித் தறி வருது :-)

எங்க வீட்டில் அக்காவோட பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு. பிராண்டு எதுக்கு, விடுங்க. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட நிறுத்திட்டாங்க இல்லையா, விண்டோஸ் 11 இந்தக் கிழட்டு மெஷின்ல ஏறாது. அதனால லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். தறிக் கணக்கு, கூலிப் பட்டியல் எல்லாம் அக்கா அதில்தான் போடுது. ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில நான் ஆர்வக்கோளாறுல அப்டேட் கொடுத்தேன். மறுபடி ஆன் பண்ணினா திரை கறுப்பு. பின்னாடி விளக்கு மட்டும் மங்கலா எரியுது. சனிக்கிழமை கூலி போடற நாள். அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அதை எழுத முடியாது.

கிளாஸ் நண்பர்கள்கிட்ட கேட்டேன். ஆறு பேர்ல அஞ்சு பேர் சொன்னது ஒரே பதில்: "ஃபார்மேட் பண்ணுடா." ஆறாவது ஆள், "பழைய இரும்புக்குப் போட்டுட்டு புதுசு வாங்கு"ன்னான். (அவன் அப்பா வாங்கித் தருவார், எங்க அப்பா அடி தருவார்.)

ராத்திரி உட்கார்ந்து யோசிச்சப்ப ஒண்ணு தோணிச்சு. ஹார்ட் டிஸ்க் சத்தம் கேட்குது, வைஃபை விளக்கு மினுக்குது. அப்ப செத்தது மெஷினா, திரை மட்டுமா? எஸ்எஸ்எச் முன்னாடியே போட்டு வெச்சிருந்தது நல்லதாப் போச்சு. போன்ல டெர்மக்ஸ் வழியா உள்ள நுழைஞ்சா, லேப்டாப் ஜம்முனு ஓடிட்டு இருக்கு! அதுக்குத் தான் குருடுன்னே தெரியலை.

இங்கே டிஸ்ப்ளே டிரைவர்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1366க்கு 768 திரைன்னா பத்து லட்சம் புள்ளிக்கும் கொஞ்சம் மேல. ஒவ்வொண்ணும் என்ன நிறம்னு நினைவகத்தில் ஒரு இடத்தில் எழுதி இருக்கும். அதை நொடிக்கு 60 தடவை வரிவரியா வாசிச்சு, திரைக்குப் புரியற சிக்னலா மாத்தி, கேபிள் வழியா அனுப்பணும். என்ன அளவு, என்ன வேகம்னு திரைகிட்டயே முதல்ல கேட்டுக்கணும். திரை தன்னைப் பத்திச் சொல்ற ஜாதகத்துக்கு ஈடிட்னு பேர், அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். புது லேப்டாப்ல இதோட இன்னொரு படியும் உண்டு. கேபிள்ல எத்தனை ஜோடிக் கம்பி, எந்த வேகத்தில் ஓட்டலாம்னு டிரைவரும் திரையும் பேசி ஒத்துக்கணும். லிங்க் டிரெய்னிங்னு சொல்றாங்க. இந்த வேலையெல்லாம் கர்னலுக்குள்ள. விளையாட்டு, 3டி சமாச்சாரம் எல்லாம் அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிற மெசான்னு வேற ஒரு மென்பொருளோட பொறுப்பு.

என் லேப்டாப் பதிவேட்டில் இருந்தது அந்த லிங்க் டிரெய்னிங் தோல்வின்னு ஒரே ஒரு வரி. பழைய கர்னல்ல பூட் பண்ணினா அந்த வரி இல்லை, படம் வருது. சரி, அக்காவுக்குப் பழைய கர்னல் போதும், கூலி போட்டாச்சு. பிரச்சினை தீர்ந்துச்சுன்னு விட்டுட்டுப் போயிருக்கலாம். நிறைய பேர் அங்கேதான் விட்டுடறோம். நானும் இதுக்கு முன்னாடி நாலு தடவை விட்டிருக்கேன்.

இந்தத் தடவை விடலை. ஏன்னா எங்க ஊர்ல தறி ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கார். துணியில் பிசிறு விழுந்தா, தறியைத் தொடறதுக்கு முன்னாடி துணியைத்தான் விரிச்சுப் பார்ப்பார். "எங்க ஆரம்பிச்சுதுன்னு பாரு தம்பி, அப்பத்தான் எது கெட்டுதுன்னு தெரியும்"பார். சுருளை நடுவுல பிரிச்சுப் பார்க்கிறது, அங்க நல்லா இருந்தா அடுத்த பாதி, இல்லைன்னா முந்தின பாதி. ஜிட் பைசெக்ட்னு ஒரு கட்டளை இருக்கே, அதுவும் இதே வேலைதான். ரெண்டு கர்னல் வெளியீட்டுக்கு நடுவுல சுமாரா 14 ஆயிரம் மாற்றங்கள். பாதி பாதியா வெட்டிட்டுப் போனா 14 தடவை கம்பைல் பண்ணி 14 தடவை பூட் பண்ணினாப் போதும், குற்றவாளி ஒரே ஒரு மாற்றம்னு கையைக் காட்டிடும்.

"போதும்"னு ஈஸியா எழுதிட்டேன். இந்த லேப்டாப்ல கர்னல் முழுசா கம்பைல் பண்ணினா விடிஞ்சிடும். லோக்கல்மோட்கான்ஃபிக் போட்டுத் தேவையான மாட்யூல் மட்டும் எடுத்தும், ஒரு ரவுண்டுக்கு முக்கால் மணி நேரம். நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு (பேட்டரி எல்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சு). ஒன்பதாவது ரவுண்டுல தூக்கக் கலக்கத்தில் நல்லதைக் கெட்டதுன்னு குறிச்சு, எல்லாம் குழம்பி, திரும்ப ஆறாவதுல இருந்து. நாலு நாள் ஆச்சு. கடைசியில் சிக்கினது, லிங்க் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் சில வரிகள். புதுத் திரைகளுக்கு அது சரியான மாற்றம்தான், எழுதினவர் மேல தப்பு சொல்ல ஒண்ணுமில்லை. என் திரை தனக்கு இந்த வேகம் வரும்னு ஜம்பமா சொல்லிக்குது, ஆனா நிஜத்தில் தாங்கலை. அப்படி ஒரு திரை உலகத்தில் இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு.

திறமூலம்னா "கோடு திறந்திருக்கு, யாராவது பார்த்துப்பாங்க"ன்னு நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் நினைக்கிறோம். டிஸ்ப்ளே டிரைவர் விஷயத்தில் அந்த "யாராவது" யாரு? பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி, ரெட் ஹேட் மாதிரிக் கம்பெனிகள்ல சம்பளம் வாங்கறவங்க. அவங்க மேஜையில் இருக்கிறது அடுத்த வருஷம் வரப்போற சிப். கர்னல்ல இருக்கிற ஏஎம்டி டிரைவர் மட்டுமே 40 லட்சம் வரிக்கு மேல (நிறைய, தானாகவே உருவாக்கின ரெஜிஸ்டர் பட்டியல்தான், ஆனாலும்!). பன்னிரண்டு வருஷப் பழைய திரையை அவங்க எங்க போய்த் தேடுவாங்க? அது இருக்கிறது எடப்பாடியில், பூலாம்பட்டியில், சங்ககிரியில் நம்ம வீட்டுப் பரண்ல.

யாரும் பேசலைன்னா என்ன ஆகும்? 2023ல் வந்த 6.3 கர்னல்ல ஐ810, சேவேஜ், சிஸ், வியா மாதிரி ஏழு பழைய டிரைவர்களைத் துடைச்சு எடுத்துட்டாங்க. அதுல தப்பில்லைன்னே வெச்சுக்கலாம், எல்லாம் ரொம்பப் பழசு. ஆனா இன்னொரு பக்கம் பாருங்க. மெசாவில் இன்டெல்லோட பழைய டிரைவர் கோடு 2022ல் வந்த வெளியீட்டில் இருந்து வெளியேறினப்ப, 2006க்கும் 2013க்கும் இடைப்பட்ட சிப்கள் நடுத்தெருவுல நிக்க வேண்டிய நிலைமை. முந்தின வருஷமே டேவ் ஏர்லி அதுகளுக்காக க்ரோகஸ்னு ஒரு புது டிரைவர் எழுதி மெசாவில் சேர்த்திருந்தார். அதனாலதான் நம்ம மாதிரி ஆளுங்க லேப்டாப் இன்னைக்கும் படம் காட்டுது. ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதினதால நடந்தது அது. தானா நடக்கலை.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேல மெஷின் கொடுத்திருக்காங்க. அதுல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் இருந்தது, சென்னை சி-டாக்ல தயாரான டெபியன் வழி லினக்ஸ். எத்தனை பேர் பூட் மெனுவில் அந்த ரெண்டாவது வரியை ஒரு தடவையாவது அழுத்தினோம்? ஒரே மாதிரி வன்பொருள் லட்சக்கணக்கில் ஒரே மாநிலத்தில் இருக்கிறது உலகத்தில் எத்தனை இடத்தில் நடக்கும்? ஒருத்தன் ஒரு பிழையை ஒழுங்கா எழுதிப் போட்டிருந்தா அதே மாடல் வெச்சிருக்கிற எல்லாருக்கும் தீர்ந்திருக்கும். நாம என்ன பண்ணினோம்? படம் பார்த்தோம், அப்புறம் ஃபார்மேட் பண்ணினோம்.

மூடின டிரைவர் எவ்வளவு கொடுமைன்னு தெரியணும்னா நூவோ கதையைப் படிக்கணும். என்விடியா கார்டுக்கு ஆவணம் எதுவும் கிடைக்காம, 2005ல் ஸ்டெஃபான் மார்ஷெசின் ஆரம்பிச்ச வேலை. மூடின டிரைவர் கார்டுக்கு என்ன என்ன எழுதுதுன்னு ஒட்டுக்கேட்டு (அதுக்குன்னே எம்எம்ஐஓடிரேஸ்னு ஒரு கருவி), எண்ணை வெச்சு அர்த்தம் ஊகிச்சு எழுதினாங்க. 2010ல் 2.6.33 கர்னல்ல சேர்ந்துச்சு. 2014ல் வந்த கார்டுகள்ல இருந்து என்விடியா கையெழுத்துப் போட்ட ஃபர்ம்வேர் இல்லாம கடிகார வேகத்தைக்கூட ஏத்த முடியாத மாதிரி பூட்டிட்டாங்க. 2012ல் லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்து மேடையில் கேமராவுக்கு நடுவிரலைக் காட்டினாரே, அது சும்மா இல்லை. அப்புறம் 2022 மே மாசம் என்விடியாவே கர்னல் பகுதிக் கோடைத் திறந்தாங்க, புதுக் கார்டுகளுக்கு மட்டும். நடுவுல மாட்டின கார்டுகள் இன்னும் ஊமையாத்தான் இருக்கு. என் நண்பன் லேப்டாப்ல அப்படி ஒண்ணு இருக்கு, நான் கையை விரிச்சுட்டேன்.

ஆனா நூவோ சொல்ற இன்னொரு பாதியை யாரும் பேசறதில்லை. பதினஞ்சு வருஷத்துக்கு மேல அதைச் சுமந்த பென் ஸ்கெக்ஸ் 2023 செப்டம்பர்ல பராமரிப்புப் பொறுப்பில் இருந்து விலகினார். கரோல் ஹெர்ப்ஸ்ட் 2025 பிப்ரவரியில் விலகினார். மத்தவங்க தொடர்றாங்க, சரி. ஆனா கோடு திறந்தே இருந்தாலும் தூக்கிச் சுமக்கிற தோள் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிடலாம்.

"நாம என்னடா பண்ண முடியும், அதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை"ன்னு சொல்றவங்களுக்கு: ரெண்டு சாதனங்கள் ஒரே படத்தை நினைவகத்தில் காப்பி பண்ணாம பகிர்ந்துக்க உதவுற டிஎம்ஏ-பஃப், 2012ல் 3.3 கர்னல்ல வந்தது. ரெண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கிற லேப்டாப்ல படம் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போறதே அது வழியாத்தான். அதை எழுதிக் கொண்டுவந்தவர் சுமித் செம்வால், இந்தியர்.

நாம அந்த அளவுக்கு எழுத வேண்டாம். 2020 அக்டோபர்ல இலவச டீ-ஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தை சேர்த்து ஊர் உலகத்தையே தொந்தரவு பண்ணின கூத்து ஞாபகம் இருக்கா? நம்ம நாட்டுப் பசங்க பேர் அதுல நல்லா அடிபட்டுச்சு. அந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு செலவழிச்சு ஒரு கறுப்புத் திரையைப் பைசெக்ட் பண்ணியிருந்தா, கர்னல்காரங்க கையெடுத்துக் கும்பிட்டிருப்பாங்க. சும்மா சொல்லலை. "போன வெளியீட்டில் ஓடினது இதுல ஓடலை" அப்படின்னா கர்னல் உலகத்தில் அது பிழைதான், சாக்கு கிடையாது. லினஸ் வருஷக்கணக்கா கத்திட்டு இருக்கிற விதி. நம்மகிட்ட இருக்கிற பெரிய உரிமை அது, கேட்கத்தான் ஆள் இல்லை.

இங்கிலீஷ் தகராறுன்னு பயம் எனக்கும் இருந்தது. நான் எழுதினதில் இலக்கணம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியும், ஹி ஹி. யாரும் சிரிக்கலை. கேட்டது எல்லாம் பதிவேடு, திரையோட ஈடிட், எந்த மாற்றம்ங்கிற எண். மூணையும் கொடுத்தேன். அஞ்சாம் நாள் ஒரு சின்னப் பேட்ச் அனுப்பி, சோதிச்சுச் சொல்ல முடியுமான்னு கேட்டாங்க.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லியாகணும். அந்த நேரம் எனக்கு செமஸ்டர் ஆரம்பிச்சிடுச்சு. மெயிலைப் பார்த்தேன், நாளைக்குப் பார்ப்போம்னு மூடினேன். அந்த நாளை வர 19 நாள் ஆச்சு. எட்டு வரி மாற்றம். எழுதினவர்கிட்ட என் திரை இல்லை, என்கிட்டதான் இருக்கு. அதனால அது அப்படியே காத்துட்டு இருந்தது. நடுவுல ஒரே ஒரு தடவை, ரொம்ப மரியாதையா நினைவுபடுத்தினார். எனக்கு அவமானமாப் போச்சு. பராமரிப்பாளர் பதில் போடலைன்னு திட்டற கூட்டத்தில் நானும் இருந்தவன்தான். இந்தத் தடவை பதில் போடாதவன் நான்.

கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே போட்டுப் பார்த்தேன், படம் வந்துச்சு. பேட்ச் உள்ள போயிடுச்சு, கீழே சோதிச்சவர்னு என் பேர். அக்காகிட்ட காட்டினேன். "இதுக்கு எவ்வளவு தருவாங்க?"ன்னு கேட்டுச்சு.

திரை வெளிச்சம் கூட்டற கீ இன்னும் வேலை செய்யலை. அதையும் தினம் கேட்குது. லீவு இன்னும் பதினோரு நாள் இருக்கு, இன்னைக்கு முதல் கம்பைல் ஓடிட்டு இருக்கு. உங்க வீட்டுப் பரண்ல பழசு ஏதாவது இருந்து, ஆன் பண்ணினா திரை மட்டும் வரலைன்னா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி பின்னூட்டத்தில் மாடல் எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.